‘நினைத்தாலே இனிக்கும்’ காட்டிய சிங்கப்பூர்

ஒரு நிலத்தைப் பாடும் இலக்கியத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகிய மூன்றும் இயைந்து நிற்க வேண்டும் என்பது தமிழ் மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து மக்களும் உணவும் தொழிலும் கருப்பொருள்; கூடலும் பிரிதலும் போன்ற ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. இவ்வளவுகோலைத் திரைப்படத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற படம், பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘நினைத்தாலே இனிக்கும்’.

சுஜாதாவின் கதையைக் கே. பாலசந்தர் இயக்கினார். பாடல்கள் கண்ணதாசனுடையவை, இசை எம். எஸ். விசுவநாதனுடையது. கமலஹாசனும் ரஜினிகாந்தும் ஜெயப்பிரதாவும் நடித்தனர். பயணம் வந்த இசைக்குழுவின் தலைவன் காதல் கொள்கிறான். காதலியோ தீரா நோய்க்கு ஆளானவள். காதலும் பிரிவும் ஆகிய உரிப்பொருளில் குறை இல்லை. பாடல்களோ நாற்பதாண்டுகள் கடந்தும் மேடைதோறும் ஒலிக்கின்றன.

முதற்பொருளாகிய சிங்கப்பூரும் படத்தில் நிறைந்திருக்கிறது. கருப்பொருளைத் தேடினால்தான் கை வெறுமையாகிறது. 1965இல் தனி நாடானபோது தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்ற ஊர் இது. சிராங்கூன் சாலைக் கடைக்காரர், துறைமுகத் தொழிலாளர், தமிழாசிரியர் ஆகியோரின் வாழ்வு கதையின் போக்கை எங்கும் தீர்மானிக்கவில்லை. வந்தவர்கள் பாடினர், காதலித்தனர், திரும்பினர்.

இதற்குப் படத்திலேயே சான்று உண்டு. சிகரெட்டைப் பத்து முறை தவறாமல் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தால் கார். தவறினால் சுண்டுவிரல் என்பது ரஜினிகாந்துக்கும் பூர்ணம் விசுவநாதனுக்கும் இடையிலான பந்தயம். ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டால் 1948இல் எழுதிய சிறுகதையை அடியொற்றியது அக்காட்சி. மூலக்கதை நிகழும் இடம் ஜமெய்க்கா. ஜமெய்க்காவில் நடந்தது சிங்கப்பூரிலும் தடையின்றி நடக்கிறது. காட்சியின் சுவை குன்றவில்லை. ஆனால் ஊர் எதுவாயினும் ஒன்றே என்பது புலனாகிவிடுகிறது.

ஆயினும் சிங்கப்பூர்த் தமிழர் இப்படத்தைத் தம் படமாகவே போற்றி வருகின்றனர். இது வெறும் நடிகர் மோகம் அன்று. நடிகருக்குப் பின்னால் தெரியும் ஊரையே அவர்கள் தேடுகின்றனர். சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கி 1987இல் நிறைவெய்தியது. ஆற்றில் நெருங்கி நின்ற சரக்குப் படகுகள் 1983இல் அகற்றப்பட்டன. அம்மாற்றத்தின் நடுவே எடுக்கப்பட்ட படம் இது. “இந்தச் சாலை அன்று இப்படி இருந்தது” என்று பாட்டனார் திரையைச் சுட்டிப் பேரனுக்குச் சொல்லும்போது, இயக்குநர் விட்ட கருப்பொருளைப் பார்வையாளரின் நினைவு நிரப்புகிறது.

விருந்தினர் கண்ணுக்கு ஊரின் அழகு தெரிவது இயல்பு; அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. அவ்வழகோடு ஊரார் நிறைவுற்றுவிடுவதே குறை. எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’, தமிழ் பேசும் வித்தைக்காரர் ஒருவரையும் அவர் மகனையும் கதையின் நடுவில் நிறுத்தி, 2008இல் கான் திரைப்பட விழாப் போட்டியில் இடம்பெற்றது. கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பெர்ட்’ 2016இல் அதே நகரின் விமரிசகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இவற்றில் சிங்கப்பூர்த் தமிழர் பின்னணி அல்லர்; அவர்களே கருவும் உரியும் ஆயினர். பாடல்களின் இனிமையில் இவை முன்னதற்கு ஈடாகமாட்டா; ஊரை அறிவதில் முன்னது இவற்றிற்கு ஈடாகாது.

வகுப்பறையில் திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், குறிஞ்சி முல்லையோடு நிறுத்தாமல் இப்படத்தின் ஒரு காட்சியையும் மாணவர் முன் வைக்கலாம். திரையில் தெரியும் தெருவில் யார் வாழ்ந்தார், என்ன தொழில் செய்தார் என்று வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அந்த முதியோர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். அவர்களுக்குப் பின் படத்தில் எஞ்சுவது நிலம் மட்டுமே.