நாவல் வாசிப்பில் கவிதை எழுதுதல்: ‘கோவேறு கழுதைகள்’ நாவலை முன்வைத்து

முன்னுரை

பட்ட வகுப்புகளில் நாவல் கற்பித்தல் பெரும்பாலும் கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, சமுதாயச் சிக்கல் என்னும் மூன்று தலைப்புகளுக்குள் முடிந்துவிடுகிறது. தேர்வு வழிகாட்டிகள் இம்மூன்றையும் தந்துவிடுவதால், மாணவர் மூலநூலைத் திறக்கும் தேவை எழுவதில்லை. இதற்கு மாற்றாக, நாவலை ஒட்டிக் கவிதை எழுதச் செய்யும் முறை முன்வைக்கப்படுகிறது. அம்முறை எந்நிலையில் வாசிப்புக்குத் துணையாகிறது, எந்நிலையில் வாசிப்பைத் தவிர்க்கும் வழியாகிறது என்பதை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரங்கற் கவிதையின் குறை

தலித் மக்களின் துணிகளை வெளுக்கும் ஆரோக்கியத்தின் குடும்பத்தை மையமாகக் கொண்டது இந்நாவல். ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் நிலவும் படிநிலையைக் காட்டியமையால் இது விவாதத்துக்குள்ளானது. யான் பாடம் நடத்திய வகுப்பொன்றில், இந்நாவல் குறித்துக் கவிதை எழுதுமாறு பொதுவாகக் கூறியபோது, பலரும் ஆரோக்கியத்தைத் ‘தாயே’ என விளித்து இரங்கினர். அவ்வுணர்ச்சி பொய்யன்று. எனினும், நாவலைப் படியாதவரும் அக்கவிதைகளை எழுதியிருக்க இயலும். நாவலில் ஓயாது பேசும் ஆரோக்கியம் அவற்றில் ஒரு சொல்லும் பேசவில்லை.

கூற்று, கேட்போர், எச்சம்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் ஆகியனவும் அடங்கும். அடுத்த பயிற்சியில் இவ்வைந்தும் வரையறைகளாக அளிக்கப்பட்டன. பேசுவோர் யார், யாரிடம், எங்கு, எப்போது, எதைச் சொல்லாது விடுகிறார் என்பவற்றை நாவலிலிருந்தே காட்டுதல் வேண்டும். அதன்பின் மாணவர் மூலநூலுக்குத் திரும்பினர். ஊராரிடம் இறைஞ்சும் ஆரோக்கியமும் கணவன் சவுரியிடம் பேசும் ஆரோக்கியமும் ஒரே மொழியில் பேசுவதில்லை என்பதை அவர்களே கண்டறிந்தனர். மகள் மேரிக்கு நேரும் பாலியல் வன்கொடுமையைப் பாட முயன்றோர், அதைக் கேட்டு நீதி வழங்கத்தக்க கேட்போர் எவரையும் நாவலுக்குள் காண இயலாது இடர்ப்பட்டனர். அவ்விடர்ப்பாடே நாவலின் மையம். நூறு வரிகளில் விளக்கியும் யான் உணர்த்த முடியாததை அவ்வெற்றிடம் உணர்த்திற்று.

இரு தடைகள்

அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியதாக உரையாசிரியர்கள் கொள்ளும் இலக்கணத்தை ஆரோக்கியத்திற்குப் பொருத்துவது முறையா என்னும் வினா எழலாம். இங்குக் கொள்ளப்படுவது திணை ஒழுக்கம் அன்று. பேச்சை அதன் சூழலோடு கேட்கும் முறை மட்டுமே. இரண்டாவது தடை நடைமுறை சார்ந்தது. தன்மையில் எழுதிய கவிதையை வகுப்பில் படிக்கும்போது, எழுதியவரின் சாதியைப் பிறர் ஊகிக்க முற்படுவர். எனவே, பெயரின்றி எழுதவும் உரக்கப் படிக்க மறுக்கவும் மாணவருக்கு உரிமை வேண்டும்.

முடிவுரை

இப்பயிற்சியில் எழுதப்படும் கவிதையின் அழகு மதிப்பீட்டுக்கு உரியதன்று. அது மாணவரை நாவலின் எப்பக்கத்திற்குத் திருப்பி அனுப்பியது என்பதே அளவுகோலாதல் வேண்டும். பாத்திரத்திற்காக இரங்குதல் எளிது. அதன் பேச்சுக்குச் செவிசாய்த்தலே வாசிப்பு.