ஆடுகளத்தின் செவி: ‘ஆசிட் ட்ராக்ஸ்’ குறித்து ஒரு நோக்கு

சோதனை இசைக்கு அமைதியான அரங்கும் பயிற்சி பெற்ற செவியும் வேண்டும். ஆடவந்த கூட்டம் அதற்கு உரியதன்று என்னும் கருத்து இன்றும் நிலவுகிறது. 1980களின் நடுப்பகுதியில், சிகாகோ நகரின் மியூசிக் பாக்ஸ் நடனக்கூடத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கருத்தை மறுபரிசீலனை செய்ய நம்மைத் தூண்டுகிறது.

ஃபியூச்சர் குழுவினர் தாம் பதிவுசெய்த ஒலிநாடாவை அக்கூடத்தின் டி.ஜே.யான ரான் ஹார்டியிடம் அளித்தனர். முதன்முறை ஒலித்தபோது ஆடுகளம் வெறிச்சோடியது. அதே இரவில் அவர் மேலும் மும்முறை ஒலிக்கச் செய்தார். நான்காம் முறை கூட்டம் ஆர்ப்பரித்தது என அக்குழுவினர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர். 1987இல் ட்ராக்ஸ் நிறுவனம் அதனை ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என வெளியிட்டது.

கிதார் கலைஞருக்குப் பக்கத்துணையாக ரோலண்ட் நிறுவனம் உருவாக்கிய டிபி-303 என்னும் மின்னணு பேஸ் கருவியில் ஏறத்தாழ ஒரே சுரக்கோவை பத்து நிமிடத்திற்கும் மேலாகச் சுழல்கிறது. சுரங்கள் நகர்வதில்லை, குமிழ்கள் திருகப்படுவதால் ஒலியின் நிறமே நெளிகிறது. மெட்டைத் தேடும் செவி முதற்கேட்பில் ஏமாறுவது இயல்பே. (நமக்கும் அதுவே நேர்ந்தது.) ஹார்டி விளக்கவுரை எதுவும் தரவில்லை, மீண்டும் கேட்கச் செய்தார். அதனையே ஒரு திறனாய்வுச் செயல் எனலாம்.

எனினும் அவரை மட்டும் புகழ்வது பொருந்தாது. மாறாத தாளம் கால்களுக்குப் பிடிமானம் தந்தமையால்தான் செவி பழக்கமற்ற ஒலியைப் பொறுத்துக்கொண்டது. தாளத்தையும் துறக்கும் இசைக்கு இக்கூட்டம் நான்காம் முறை திரும்பியிருக்குமா என்பது ஐயமே. பின்வந்தோர் பலர் அந்நெளிவை வாய்பாடாக்கினர். அவர்தம் இசைக்கு ஆடுகளம் முதன்முறையிலேயே நிறைந்தது.