கொழுப்பு கண்விழிக்கும் நேரம்

லியோன் நகரில் ஒருவர் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னால், போனதும் இலை போட்டுவிடுவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது அபெரோ. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொறித்தபடி பேசியிருக்கும் நேரம். நடுவில் ஒரு மரப்பலகை, அதன்மேல் பன்றிக்கறிப் பண்டங்கள், இரண்டொரு சீஸ், பக்கத்தில் பகெத் ரொட்டி. நான் அங்கே இருந்த காலத்தில் மேல்மாடி அம்மையார் வீட்டில் இப்படிப் பல மாலைகள். தின்றதைவிட, அவர் அந்தப் பலகையை அடுக்கியதைப் பார்த்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தப் பன்றிக்கறிப் பண்டங்களைக் குறிக்கும் ஷார்குத்ரி என்ற சொல்லைப் பிரித்தால் ‘வெந்த இறைச்சி’ என்று வரும். 1476இல் பாரிஸில் இந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தனிச் சங்கம் அமைந்தபோது அவர்களுடைய சரக்கு சமைத்த பன்றிக்கறிதான். இன்றோ பலகையில் முதலில் கண்ணை இழுப்பவை அடுப்பையே பார்க்காதவை. உப்பும் காற்றும் மாதக்கணக்காகப் பக்குவம் செய்தவை.

பயோன் நகரத்துப் பன்றித் தொடைக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தொடையை அதூர் ஆற்றுப் படுகையின் உப்பில் புரட்டி, குறைந்தது ஏழு மாதம் பதப்படுத்துகிறார்கள். தோல் மூடாத பக்கம் காய்ந்து வெடிக்காமலிருக்கப் பன்றிக்கொழுப்பும் மாவும் குழைத்துப் பூசுவார்கள். இத்தனையும் கடந்து வந்ததை அம்மையார் கடையிலேயே, மறுபக்கம் விளக்கு தெரிகிற அளவு மெல்லிசாகச் சீவி வாங்கி வருவார். பலகையில் வைக்கும்போது ஒரு துண்டையும் தட்டையாகப் படுக்க வைக்க மாட்டார். இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கி, கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டுவிடுவார். அது தானாக மடிந்து, சேலைக் கொசுவம்போல் விழும். முதலில் இதை அலங்காரம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படுக்க வைத்து அடுக்கினால் துண்டோடு துண்டு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கிழியும். மடிந்து விழுந்தது, தொட்டதும் இதழ்போல் தனியே வருகிறது. அழகும் வசதியும் ஒரே கையசைவில் பிறப்பதை நான் அங்கேதான் கண்டேன்.

அடுத்தது லியோனின் சொந்தச் சரக்கான ரோசெத். கொத்திய பன்றிக்கறியையும் கொழுப்பையும் குடலின் கடைப்பகுதியில் அடைத்து உலர்த்துவது. ரோசா நிறமான அந்தக் குடல்தான் பெயர் தந்ததாகச் சொல்வார்கள். தடித்த குடல் என்பதால் உள்ளீரம் அவசரப்படாமல் வெளியேறுகிறது. ஒரு முனை பெருத்து மறுமுனை ஒல்லியாக இறங்கும் வடிவம், ஆகவே வில்லைகள் ஒரே அளவில் இருக்காது. அம்மையார் வெட்டப்போகும் அளவுக்கு மட்டும் மேலுறையை உரிப்பார், மிச்சம் காய்ந்துவிடக் கூடாதே என்று. மேலே படிந்த வெண்பூஞ்சை மாவுபோல் விரலில் ஒட்டும். உள்ளே கருஞ்சிவப்பு, அதில் அரிசி நொய் சிதறியதுபோலக் கொழுப்பு. பெருத்த ரோசெத்தைக் காகிதம்போல் சீவினார், சொசிசோன் என்னும் ஒல்லியான சாதாரண உலர் தொத்திறைச்சியைச் சற்றுத் தடிமனாகவும் சாய்வாகவும் வெட்டினார். அகன்ற வில்லை தடித்தால் மெல்ல மெல்ல வாய் வலிக்கும். ஒல்லியானது பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால்தான் ருசி. கத்தி ஒன்றுதான், ஆனால் சரக்குக்குச் சரக்கு அது நடையை மாற்றிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஜேஸு என்ற தொத்திறைச்சி வரும். பேரிக்காய் வடிவில் பருத்து, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருப்பார்கள். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் சாயல் என்பதால் அந்தப் பெயர். அதை மட்டும் அவர் முன்கூட்டி வெட்டுவதில்லை. நூல் கட்டோடு முழுசாகப் பலகையில் உட்காரவைத்து, வந்தவர்கள் பார்த்த பிறகே கத்தி வைப்பார்.

சீஸ் இரண்டே. கோம்தே சுண்டுவிரல் நீளத் துண்டுகளாக. நன்கு முதிர்ந்ததில் கற்கண்டுப் பொடிபோல் பல்லில் நெரிபடும் மணிகள் இருக்கும். சேன் மார்ஸலேன் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டு, முதிர்ந்தால் தோலுக்குள்ளேயே குழைந்து வழியும். அதனால் அதற்கு ஒரு சிறு கிண்ணம். கொர்னிஷோன் என்னும் வெள்ளரிப் பிஞ்சு வினிகர் ஊறுகாயும் தீஜோன் கடுகு விழுதும் கொழுப்பின் திகட்டலை அறுக்க. ரொட்டிக்கு வெண்ணெய். அவ்வளவுதான். திராட்சையையும் அத்தியையும் பாதாமையும் இண்டு இடுக்கெல்லாம் திணித்து மரமே தெரியாமல் நிரப்பும் பலகைகளையும் பார்த்திருக்கிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும். விரல் நுழைய இடம் இருக்காது. அம்மையார் பலகையில் ஒவ்வொன்றைச் சுற்றியும் வெறும் மரம் தெரியும், அந்த வெறுமையால்தான் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

எல்லாம் வைத்து முடித்ததும் அவர் யாரையும் கூப்பிட மாட்டார். பலகையை மேசையில் விட்டுவிட்டுக் கிளாஸ் துடைக்கப் போவார். முதல் முறை நான் கை நீட்டியபோது, பொறுங்கள், கொழுப்பு இன்னும் விழிக்கவில்லை என்றார். குனிந்து பார்த்தேன். தொடைக்கறியின் ஓரத்தில் கொழுப்பு மெழுகுபோல் வெளுத்து இறுகியிருந்தது. இருபது நிமிடம் இருக்கும். வெண்மை மெல்லக் கரைந்து கண்ணாடியாகி, அடியில் கிடந்த சிவப்பு அதன் வழியே தெரிந்தது. ரோசெத் வில்லைகளின் மேல் வியர்வைபோல் ஒரு மினுமினுப்பு. குளிரில் அடங்கிக் கிடந்த வாசனை, கொட்டையும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போல், அப்போதுதான் அறைக்குள் எழுந்தது. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். மெல்லும் முன்பே கொழுப்பு உருகிவிட்டது, உப்பு பின்னால் வந்தது.

இரவு பத்து மணிக்குப் பலகையில் மிச்சமிருந்தவை சுருண்ட குடலுறைகள், ஒரு முழம் நூல், கொர்னிஷோன் காம்புகள். மரத்தில் வில்லைகள் இருந்த இடமெல்லாம் எண்ணெய் வட்டங்கள், முனையிலிருந்து முனைக்குச் சிறுத்துக்கொண்டே போயின.