கடிதங்களில் இடம்பெறாத நன்றி

மிஷனெரிமார் தம்மை அனுப்பிய சபைகளுக்கு எழுதும் கடிதங்கள் கிறிஸ்தவ இலக்கியத்தில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் இறைவனுக்குத் துதி. அடுத்துக் காணிக்கை அனுப்பியோருக்கு நன்றி. பின்னர் அந்நாட்டு மக்களின் இருளைப் பற்றிய சில வரிகள். இறுதியில் தேவைகளின் பட்டியல். மழை பெய்தாலும், காய்ச்சல் தணிந்தாலும், தபாலில் ஒரு பொதி வந்து சேர்ந்தாலும் அங்கே நன்றி உண்டு. அன்றாட வாழ்வின் சிறு நன்மைகளிலும் இறைவனின் கையைக் காணும் இப்பண்பு போற்றத்தக்கதே. ஆயினும், இந்நன்றி யாரை நோக்கிச் செல்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று தரங்கம்பாடியே. சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று அங்கு வந்திறங்கினர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்கள் 1710 முதல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் தொகுக்கப்பெற்று நூல்களாக வெளிவந்தன. அவற்றைப் படித்தோர் பலர் பொருளுதவி செய்தனர். நன்றி கூறுதற்குரிய நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. 1708 நவம்பரில் டேனியத் தளபதியால் சிறைப்பட்ட சீகன்பால்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலை பெற்றார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தைக்கூட உருக்கிச் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தனர் என்று மிஷன் வரலாற்றாசிரியர் கூறுவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது.

ஆனால் அவ்வேற்பாட்டின் தமிழ் எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதியே சீகன்பால்கு நம் எழுத்துகளைக் கற்றார். பன்மொழி அறிந்த அழகப்பன் அவருக்கு மொழி விளக்கினார். ஏடுகள் வைத்திருந்தோர் தந்த சுவடிகளைப் படித்தே அவர் 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புரை வரைந்தார். தமிழரின் சமயத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். எனினும் அவர்தம் அறிவையும் ஒழுக்கத்தையும் மதித்து எழுதவும் தயங்கவில்லை. அதற்கு நேர்ந்தது என்ன? தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயிலிருந்த பிராங்கே அச்சிட உடன்படவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. கடிதங்களும் ஹாலேயில் சுருக்கப்பட்டும் திருத்தப்பட்டுமே வெளியாயின.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. மிஷனெரியின் கடிதத்தை அவர் மட்டும் எழுதுவதில்லை. அதைப் படிக்கக் காத்திருப்போரும் அவரோடு சேர்ந்தே எழுதுகின்றனர். கொடையாளருக்குச் சொல்லும் நன்றி மேலும் கொடையைக் கொணரும். மணலில் எழுதக் கற்பித்த சிறுவனுக்குச் சொல்லும் நன்றியோ காணிக்கைத் தட்டை நிரப்பாது. சில வேளை ‘அவ்வளவு நல்லவர்களிடம் உம்மை ஏன் அனுப்பினோம்?’ என்ற வினாவையும் எழுப்பிவிடும். ஆகவே அது மெல்ல மறைந்துபோகிறது.

மனிதருக்கு நன்றி கூறுவது இறைவனுக்குரிய மகிமையைக் குறைக்கும் என்று சிலர் கருதக்கூடும். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் தாம் பெற்ற உதவியைக் குறித்து ஆண்டவருக்குள் மகிழ்கிறாரேயன்றி, ‘உங்களுக்கு நன்றி’ என்று நேராகக் கூறவில்லை என்பதை உரையாசிரியர் சிலர் சுட்டியுள்ளனர். உண்மையே. ஆயினும் அதே பவுலோடு பயணம் செய்த லூக்கா, அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தில் மெலித்தா தீவினரைப் பற்றி எழுதுவதையும் நோக்குக. கப்பற்சேதத்தில் தப்பியவர்களுக்கு அம்மக்கள் மழையிலும் குளிரிலும் தீ மூட்டினர். புறப்படும்போது வேண்டிய பொருள்களையும் கொடுத்தனுப்பினர். அவர்களுள் ஒருவரேனும் விசுவாசியானதாக லூக்கா குறிப்பிடவில்லை. மனமாற்றத்தின் கனியாக அன்றி, அன்பை அன்பாகவே அவர் பதிவு செய்தார். ரோமர் 1:14இல் பவுல் தம்மைக் கிரேக்கர்க்கும் பிறர்க்கும் கடன்பட்டவராக எண்ணுவதையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1910இல் எடின்பரோ மாநாட்டில் வேதநாயகம் அசரியா பேசியதும் இதனோடு தொடர்புடையதே. மிஷனெரிமாரின் தியாகத்தை இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைவுகூரும் என்று அவர் மனமார ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அவர் வேண்டியது நட்பையே. கொடுக்க மட்டுமே அறிந்தவன் புரவலனாகலாம், நண்பனாகான். ‘உன்னிடம் நான் பெற்றுக்கொண்டேன்’ என்று கூற அறிந்தவனுக்கே நட்பு கைகூடும்.

இக்குறையை வெள்ளையரின் குறையென்று தள்ளிவிட இயலாது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய நாள்முதல் நாமும் அனுப்புகிறவர்களாயிருக்கிறோம். நம் கடிதங்களும் அதே அச்சில் வார்க்கப்பட்டவையே. என் கடிதமும் அதற்கு விலக்கன்று. இளமையில் தெலுங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஊழியம் செய்தபோது காய்ச்சலில் பதினொரு நாள் படுத்திருந்தேன். அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர் நாள்தோறும் மோரும் கஞ்சியும் கொண்டுவந்து வைத்துச் சென்றார். அவர் கிறிஸ்தவரல்லர். குணமடைந்தபின் என் சபைக்கு, ‘கர்த்தர் என்னை அற்புதமாய்ப் போஷித்தார்’ என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆனால் அக்கடிதத்தில் அம்மூதாட்டி இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அதை மீண்டும் எடுத்துப் படித்தபோது, அவர் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை என்பதை உணர்ந்து வெட்கினேன். எலியாவைப் போஷித்த சாறிபாத் விதவையை வேதம் மறைக்கவில்லை, நான் மறைத்தேன்.

மிஷன் ஞாயிறன்று பீடத்திலிருந்து இத்தகைய கடிதங்களை வாசிக்கும் ஆயர்களும், நாளை அவற்றை எழுதப்போகும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. லூக்கா 10இல் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பியபோது, பிறர் வீட்டில் தங்கி, அங்கே கொடுப்பதை உண்ணும் விருந்தினராகவே அனுப்பினார். விருந்தினன் முதலில் அறியவேண்டியது தனக்கு உணவிட்டவரின் பெயர்.