சிலிக்கான்மேல் ஒட்டிய லேசர்

சிலிக்கானில் ஒளியைக் கொண்டுசெல்வது எளிது, பிறப்பிப்பதுதான் கடினம். ஒளிச்சில்லு ஆராய்ச்சியின் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5, அதைச் சூழும் சிலிக்காவுக்கோ 1.44. இந்தப் பெரிய வேறுபாட்டால் அரை மைக்ரான் அகலமுள்ள பாதைக்குள்ளேயே அகச்சிவப்பு ஒளி அடங்கிச் செல்கிறது, சில மைக்ரான் ஆரமுள்ள வளைவிலும் சிதறாமல் திரும்புகிறது. ஆனால் சிலிக்கானில் எலக்ட்ரானும் துளையும் சேரும்போது வெளிப்படும் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகவே வீணாகிறது. இண்டியம் பாஸ்பைடு என்னும் குறைக்கடத்திக்கு இந்தக் குறை இல்லை.

ஆகவே இரண்டையும் ஒட்டிவிடும் முறை பிறந்தது. 2006இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ஜான் பவர்ஸ் குழுவும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, மின்சாரத்தால் இயங்கும் இத்தகைய கலப்பு லேசரை அறிவித்தன. ஆக்சிஜன் பிளாஸ்மா பட்ட இரு பரப்புகளையும் சூடாக்கி அழுத்தினால், இடையில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அவற்றைப் பிணைத்துவிடும். மேலேயுள்ள இண்டியம் பாஸ்பைடு அடுக்கு ஒளியைப் பெருக்க, கீழேயுள்ள சிலிக்கான் பாதை அதை ஏந்திக்கொள்கிறது. ஒவ்வொரு லேசரையும் தனியே எடுத்துத் துல்லியமாகப் பொருத்த வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பெரும்பலம். பாதை எங்கே வரையப்பட்டதோ அங்கேயே லேசர் அமைகிறது. பத்தாண்டில், அதாவது 2016இல், நொடிக்கு 100 கிகாபிட் அனுப்பும் கருவிகளாக இது தரவு மையங்களை எட்டியது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு லேசருக்கு இது பெரிய வெற்றி.

வெப்பம்தான் இதன் தீராத குறை. ஒளியை அடக்கிவைக்கும் அந்தச் சிலிக்கா அடுக்கே வெப்பம் வெளியேறும் வழியையும் அடைக்கிறது. சிலிக்கானோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். லேசர் சூடேறினால் ஒளி குறையும், அலைநீளமும் நகரும். சில்லில் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் சிலிக்கான் வளைய வடிகட்டியோ ஒரு டிகிரி மாற்றத்துக்கே சுமார் 0.08 நானோமீட்டர் தடம் மாறிவிடும். அதைப் பிடித்து நிறுத்த அருகே ஒரு சிறு சூடேற்றி வைக்கிறார்கள். லேசரைச் சிறிதாக்கி மிச்சப்படுத்திய மின்சாரத்தில் ஒரு பகுதி இங்கே கரைகிறது.

ஒளி தரும் படிகத்தை ஒட்டாமல் நேரடியாகச் சிலிக்கான்மேல் வளர்க்கலாம் என்போரும் உண்டு. அணுக்களின் இடைவெளி, இதற்குப் பயன்படும் காலியம் ஆர்சனைடில் 4 விழுக்காடும் இண்டியம் பாஸ்பைடில் 8 விழுக்காடும் சிலிக்கானோடு பொருந்தாததால் படிகத்தின் அணு வரிசையில் பிறழ்வுகள் விழுகின்றன. மிகச் சிறு படிகப் புள்ளிகளில் ஒளியைப் பிறப்பிக்கும் குவாண்டம் புள்ளி லேசர்கள் இப்பிறழ்வுகளை ஓரளவு தாங்குகின்றன. பிரிட்டன் ஆய்வாளர்கள் 2016இல் இத்தகைய லேசருக்கு ஒரு லட்சம் மணி நேர ஆயுளைக் கணித்தனர். உண்மையில் அது ஓடியது 3,100 மணி நேரம், அதுவும் அறை வெப்பநிலையில். கணிக்கும் முறை ஏற்கத்தக்கதே. ஆனால் தரவு மையத்தின் சூட்டில் இயங்கும் சில்லுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

ஒளியை வெளியே எடுப்பதும் எளிதல்ல. அரை மைக்ரான் பாதையிலிருந்து ஏறத்தாழ 9 மைக்ரான் உட்கருவுள்ள ஒளியிழைக்குள் அதைச் செலுத்த வேண்டும். இந்த இணைப்பில் ஒளி இழப்பும் உண்டு, செலவும் அதிகம். லேசரை இன்னும் சிறிதாக்கினாலும் இந்தச் செலவு குறையாது.

எனவே லேசரின் அளவை மட்டும் முன்னிறுத்தும் ஆய்வறிக்கை முழுமையானதல்ல. சூடேற்றி உட்பட உறிஞ்சிய மொத்த மின்சாரத்தில் எவ்வளவு ஒளியாகி இழைக்குள் சேர்ந்தது, எத்தனை டிகிரி வெப்பத்தில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்ற இரண்டையும் ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் சேர்த்தே வெளியிட வேண்டும்.