தீவகத்து மக்களும் இனக் கணக்கும்: ஒரு திறனாய்வு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, பாக்கு நீரிணையை நோக்கிப் பரந்து கிடக்கும் தீவுக் கூட்டத்தைத் தீவகம் என வழங்குதல் மரபு. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த பெருந்தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், தொலைவில் தனித்து நிற்கும் நெடுந்தீவு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோர் 'இலங்கைத் தமிழர்' என்ற நிரலில் அடங்குவர். தீவகப் பகுதியிலும் இந்நிரலே பெரும்பான்மையானது. இவ்வெண்ணைக் கண்டதும் நம்மவர் பலர் நூலை மூடிவிடுகின்றனர். தொன்றுதொட்டு ஓரினத்தார் மட்டுமே வாழ்ந்த நிலம் என்ற முடிவுக்கு அதுவே போதிய சான்று என்பது அவர்தம் துணிபு.

இத்துணிபு ஆராயத்தக்கது. ஓர் இலக்கியப் பிரதியைக் கையில் எடுப்போர் அதனை யாத்தவர் யார், எக்காலத்தவர், எதனைக் கூறாது விடுத்தார் என வினவுவது வழக்கம். புள்ளிவிவர அட்டவணையும் மனிதர் யாத்த பிரதியே. எனவே அதனிடமும் அவ்வினாக்களை எழுப்புதல் முறையாகும். இக்கட்டுரை அம்முயற்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

முதலில் நிரல்களின் வரலாற்றை நோக்குவோம். பிரித்தானியர் 1824இல் எடுத்த கணக்கெடுப்பு மக்களைச் சாதிவாரியாக வகுத்தது. அக்காலத்து ஆட்சியாளர் தமிழரை 'மலபாரிகள்' எனக் குறித்தனர். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையும் பிற்காலத்தில் 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகளின்' சட்டம் என்றே பெயர் பெற்றது. 1871இல் நாடு முழுவதற்குமாக நடைபெற்ற முதலாவது முறையான மதிப்பீடு 24 'இனங்களையும்' 78 'தேசியங்களையும்' பட்டியலிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1881இல், இனங்கள் ஏழாகச் சுருங்கின. 1911இல் தமிழர் 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் பிரிக்கப்பட்டனர். பத்தாண்டில் இருபத்து நான்கு இனங்கள் ஏழாகக் குறைந்தமைக்கு மக்கள் மாறியது காரணமன்று. எண்ணியோரின் அளவுகோல் மாறியமையே காரணம். அளவுகோல் மாறக்கூடியதாயின் அதனால் அளக்கப்பட்ட பெறுபேற்றை மாறாத உண்மையெனக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, தீவகம் தன்னைப் பற்றித் தானே கூறும் சான்றொன்றைக் காண்போம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கி நிற்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அவ்வாணை விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியது. வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை தமிழ் மொழியில், இன்று அம்மன் கோயிலாக விளங்கும் இடத்தில், பிறநாட்டு வணிகர் பொருட்டு நின்றது என்பது மனங்கொளத்தக்கது. இதனைத் தமிழரின் தனியாட்சிக்குச் சான்றாகக் காட்டவும் இயலாது. சிங்களக் குடியேற்றத்துக்குச் சான்றாகக் காட்டவும் இயலாது. பலரும் வந்திறங்கிய ஒரு துறையையும், அத்துறையின் வழக்குமொழியாகத் தமிழ் விளங்கியமையையுமே அது புலப்படுத்துகின்றது. ஊராத்துறை என அதில் வருவதே இன்றைய ஊர்காவற்றுறை. அதன் மற்றொரு பெயராகிய 'கயிற்ஸ்', துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. நெடுந்தீவோ ஒல்லாந்து நகரொன்றின் பெயரை இன்னும் சுமக்கின்றது.

சமயத்தை இனமாகக் கொள்ளும் மயக்கம் இவ்வாய்வில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது. நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் உள்ளன. மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே எனக் கொண்டு, பௌத்தம் நிலவிய இடமெல்லாம் சிங்களவர் வாழ்ந்த இடம் என வாதிடுவோர் உளர். அதனை மறுக்கப் புகுந்த நம்மவர் சிலரோ, இங்குப் பௌத்தமே இருந்ததில்லை எனச் சாதிக்க முற்படுகின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையைத் தமிழிற் பெற்ற நாம், அதன் மணிபல்லவத்தை நயினாதீவோடு பொருத்திப் பெருமை கொள்ளும் நாம், தமிழர் பௌத்தராயிருந்தமையை ஏற்க ஏன் நாணுதல் வேண்டும்? 1936இல் வெளிப்பட்ட வல்லிபுரப் பொன்னேட்டில் வரும் நாகதீவு, தனியொரு தீவையன்றி யாழ்ப்பாணப் பகுதியையே சுட்டும் என அறிஞர் கொண்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. நெடுந்தீவின் கற்சிதைவுகளும் இவ்வாறே இருவேறு உரைகளுக்கு இடந்தந்துள்ளன. ஊர் மரபு அவற்றை முக்குவர் தலைவனாகிய வெடியரசனின் கோட்டை என்கின்றது. வேறு சிலர் தாதுகோபங்களின் எச்சம் என்கின்றனர். கல்லின் சமயத்தைக் கண்டறிந்துவிட்டால் அதனை அடுக்கியவனின் இனத்தையும் அறிந்ததாகிவிடாது.

சோனகர் பற்றிய நிரல் இன்னும் நுணுகி நோக்கற்பாலது. தீவகத்து முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழே. ஆயினும் குடிசன மதிப்பீட்டில் அவர்கள் தனியினம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என எழுதியதும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து எழுதியதும் நாம் அறிந்தவை. சட்டசபைப் பிரதிநிதித்துவம் பற்றிய போட்டி அவ்விவாதத்தின் பின்னணியில் இருந்தது. ஒரு மக்கட் கூட்டத்தார் தம்மை எவ்வாறு பெயரிட்டு அழைத்தல் வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தல் முறை. அவ்வாறு தீர்மானித்தோரை அந்நியராகக் கருதுதலோ கொடிது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்குச் சில மணி நேர அவகாசமே கிடைத்தது. 1981இல் மாவட்டக் குடித்தொகையில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாயிருந்த சோனகர் பங்கு, 2012இல் அரைக்கும் கீழே சென்றது. ஆகவே அட்டவணையின் உயர்ந்த வீதம் ஓரளவுக்கு நம் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியின் விளைபயன். அதனைத் தொன்மைக்குச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், தம்மை அறியாமலே அவ்வநீதிக்கு உடன்படுகின்றனர்.

'இலங்கைத் தமிழர்' என்னும் நிரலின் உள்ளேயும் புகுந்து பார்த்தல் தகும். அதனுள் வெள்ளாளரும் கரையாரும் முக்குவரும் பள்ளரும் நளவரும் ஒரே எண்ணாய்க் கரைந்து போகின்றனர். எவர் கிணற்றில் எவர் நீரள்ளலாகாது என்பதை அவ்வெண் சொல்வதில்லை. குடாநாட்டார் 'தீவார்' என்ற சொல்லை எத்தொனியில் உச்சரித்தனர் என்பதும் அதில் இல்லை. நாகபட்டினத்தோடும் தொண்டியோடும் பாய்மரக் கலத்தால் உறவாடிய கடலோர மக்களை 'இலங்கை', 'இந்திய' எனக் கூறுபோட்ட கோடு 1911இல் கணக்காளர் இட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் அதே கோடு மலையகத்தாரின் உரிமையைப் பறிக்கும் வாளாயிற்று.

இவற்றோடு இல்லாமற் போனோரின் கணக்கும் ஒன்றுண்டு. தீவக மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாணிகம் செய்தோர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்கள் அவ்வாழ்வைச் சிதைத்தன. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் ஊர்கள் காலியாயின. வன்னிக்கும் தமிழகத்துக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் மக்கள் சிதறினர். 1981க்கும் 2012க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் முழுமையான மதிப்பீடு நடைபெறவில்லை. பூட்டிய வீட்டுக்கு அட்டவணையில் நிரல் இல்லை. ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில் நூறு பேர் எஞ்சினாலும் வீதம் அதுவே. இனவீதத்தைக் காட்டி மகிழ்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இத்தகைய திறனாய்வு நம் உரிமைக் கோரிக்கையை வலுவிழக்கச் செய்யாதா எனச் சிலர் வினவலாம். கிழக்கிலே கல்லோயாத் திட்டம் முதலாக அரச ஆதரவுடன் நிகழ்ந்த குடியேற்றங்கள் இனவீதத்தை மாற்றிய வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு அஞ்சுதல் இயல்பே. எண்ணே அங்கு எஞ்சிய கேடயம் என்பதும் மெய். ஆயினும் தூய்மையின்மேல் நாட்டப்பட்ட உரிமை, வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பம் தன் வீட்டுக்குத் திரும்பிய அன்றே ஆட்டங்காணும். தலைமுறைகளாக அந்நிலத்தில் வாழ்ந்தமை, உழைத்தமை, அம்மொழியில் வழங்கியமை ஆகியவற்றின்மேல் நாட்டப்பட்ட உரிமைக்கு அத்தகைய இடர்ப்பாடில்லை. திரும்பி வருவோரையும் அது தனக்குள் ஏற்கும். 'இலங்கையில் தமிழர்' என்னும் தமது பிற்கால நூலில் இந்திரபாலா, தமிழரைத் தொடக்கமுதலே முழுமையுற்றிருந்த இனமாகவன்றிக் காலப்போக்கில் உருவாகிய இனக்குழுவாக நோக்கியமை இவ்வழியில் நமக்குத் துணையாவது.

2024இல் மீண்டும் ஒரு மதிப்பீடு எடுக்கப்பட்டுள்ளது. அதன் எண்களைக் கையாளும்போதும் பழைய பிழையை மீண்டும் செய்யாதிருத்தல் வேண்டும். தீவகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர்க்குப் பணியொன்று காத்திருக்கின்றது. ஆலய ஆவணங்கள், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகள், பள்ளிவாசற் குறிப்புகள், பாடசாலைச் சேர்வுப் பதிவேடுகள், உறுதிகள் ஆகியவற்றையும் முதியோர் நினைவுகளையும் ஊர் ஊராகத் திரட்டுதல் வேண்டும். யார் இருந்தனர், யார் சென்றனர், யார் விரட்டப்பட்டனர் என்பதை அவற்றிலிருந்தே எழுத இயலும். முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஆதலின் இப்பணி காலந்தாழ்த்தக் கூடியதன்று.