சரண்ஜித் சிங்கின் பத்து இராகங்களும் சிந்தசைசரின் எல்லையும்

1982ஆம் ஆண்டில் இந்தியக் கிராமபோன் நிறுவனம் எச்.எம்.வி. முத்திரையுடன் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் முதலியோரின் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் (1940–2015), மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு தனியொருவராய் இதனை உருவாக்கினார். வெளிவந்த காலத்தில் இத்தட்டு கவனம் பெறவில்லை. 2010இல் பம்பாய் கனெக்ஷன் என்ற வெளியீட்டகம் இதனை மறுவெளியீடு செய்த பின்னரே இது உலக அளவில் பேசப்பட்டது.

அப்பேச்சு பெரும்பாலும் ஒரே கருத்தைச் சுற்றி அமைந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசைவகை உருப்பெறுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே அது பம்பாயில் பிறந்துவிட்டது என்பதே அக்கருத்து. ஒப்புமை வியப்பூட்டும் அளவிற்கு இருந்ததால், இத்தட்டு பிற்காலத்தார் செய்த போலி என்று ஐயுற்றோரும் உண்டு. ஒரு படைப்பின் சிறப்பை அதன் காலமுன்மையில் நிறுவும் பழக்கம் தமிழாய்வுலகிற்கும் புதிதன்று. எனினும் ‘முதலில் தோன்றியது’ என்ற பாராட்டு, எதற்கு முதலாவது என்ற வினாவையும் உடன் கொண்டுவருகிறது. இங்கு அளவுகோல் சிகாகோவினுடையது. இராகம் அதற்கு வாய்த்த ஒரு விபத்தாகச் சுருங்கிவிடுகிறது. ஒப்புமை உண்மையானதே. ஆனால் அதற்குரிய காரணத்தை இராக இலக்கணத்திற்குள் தேடவேண்டும்.

ஒரே கருவி, இரு பயன்பாடு

சிங் பயன்படுத்திய மூன்றும் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தின் கருவிகள். டிஆர்-808 தாளத்தைத் தருவது. டிபி-303 பாஸ் என்னும் கீழ்நிலை ஒலிவரியைத் தருவது. ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்ல ஜூப்பிட்டர்-8 விசைப்பலகை உடைய சிந்தசைசர். முதலிரண்டும் ஒரு கம்பி இணைப்பின்வழி ஒரே காலக்கணக்கில் ஓடுபவை. எனவே தாளமும் பாஸும் தாமே இயங்கிக்கொண்டிருக்க, இசைஞரின் கை மூன்றாவது கருவியில் இராகத்தை வாசிக்க இயலும்.

இவற்றுள் டிபி-303 தனியே கருதத்தக்கது. தனித்துப் பயிலும் கிதார்க் கலைஞர்க்கு உடன் வாசிப்போராய் அமையவேண்டும் என்பதே இதனை வடிவமைத்தோரின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறவில்லை. ஒலி உண்மையான பாஸ் கிதாரைப் போல் இல்லை. சுரங்களை ஒரு முறையும் அவற்றின் கால அளவுகளை மற்றொரு முறையும் பதியவேண்டிய முறை பயனாளரைக் குழப்பியது. 1984இல் உற்பத்தி நின்றது. கைவிடப்பட்டு மலிந்த இக்கருவியே சிகாகோ இளைஞர்களின் கைக்குச் சென்றது. ஃபியூச்சர் என்னும் குழு 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’ இவ்வாறு உருவானது. அதில் மேல்வரி மெல்லிசை என ஒன்று இல்லை. மீள மீள ஒலிக்கும் பாஸ் வரியின் வடிகட்டியைத் திருகித் திருகி ஒலியின் நிறத்தை மாற்றுவதே அதன் இசை.

சிங்கிடம் நிலை வேறு. சந்தைக்கு வந்த புதிதிலேயே அவர் இதனைக் கையாண்டார். அவர் தட்டில் பாஸ் வரி நிலம். இசை அதன்மேல் ஜூப்பிட்டரில் நடக்கிறது. சிகாகோவில் முன்னணியில் நின்ற குரல் பம்பாயில் பக்கவாத்தியம். இவ்வேறுபாட்டை மறுவெளியீட்டுக்குப் பிந்தைய பாராட்டுகள் போதிய அளவில் கருதவில்லை.

நகராத பாஸ்

அவ்வாறாயின் இரண்டும் ஏன் ஒத்து ஒலிக்கின்றன? ‘குர்பானி’ (1980), ‘டிஸ்கோ டான்சர்’ (1982) ஆகிய இந்தித் திரைப்படங்களின் காலம் அது. படந்தோறும் டிஸ்கோ ஒலித்ததால், அத்தாளத்தை எடுத்துக்கொண்டு, தபலாவை விலக்கி, இராகத்தை வாசித்துப் பார்க்கலாம் எனத் தாம் எண்ணியதாகச் சிங் பிற்காலத்தில் கூறியுள்ளார். தபலாவை விலக்கியது வெளிப்படை. அதனினும் பெரிய விலக்கல் ஒன்று உண்டு. அவர் அதனைச் சொல்லவில்லை. டிஸ்கோப் பாடல்களில் பாஸ் பொதுவாகச் சுரக்கூட்டுகளின் மாற்றத்தைப் பின்தொடர்ந்து இடம்பெயரும். இராகத்தில் அதற்கு இடமில்லை. ஆதார சட்ஜம் நகர்ந்தால் இராகமே வேறாகிவிடும். ஆகவே பாஸ் வரி ஒரே ஆதாரத்தில் நின்று, இராகச் சுரங்களுக்குள் மட்டும் சுழல்கிறது. தம்பூரா செய்யும் பணியைத் தாளத்தோடு செய்வதாக இதனைக் கொள்ளலாம்.

டிஸ்கோவிலிருந்து சுரக்கூட்டு மாற்றத்தை நீக்கினால் எஞ்சுவது இடையறாத அடித்தாளமும் ஒரே இடத்தில் சுழலும் பாஸும்தான். சிகாகோவினர் வேறொரு வழியில், நடனக்கூடத்தின் தேவையால், இதே எச்சத்தை அடைந்தனர். எனவே சிங் எதிர்காலத்தை முன்னறிந்தார் என்பதினும், இராகத்தின் பழைய கட்டுப்பாடு ஒன்றை அவர் மீறவில்லை என்பதே பொருந்தும்.

வழுக்கலும் மீண்டும்

இத்தட்டின் குறையும் நிறையும் சுரங்களை இணைக்கும் முறையில் உள்ளன. ஆர்மோனியம் பற்றிய பழைய விவாதம் இங்கு நினைக்கத்தக்கது. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கி வைத்திருந்தது. அதன்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் இரண்டு: சுரத்தானங்கள் சமப்பகுப்பில் உறைந்தவை, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்ல இயலாது. சிந்தசைசர் இவற்றுள் இரண்டாவதை நீக்குகிறது, முதலாவதை வைத்துக்கொள்கிறது. ஆர்மோனியத்தை எதிர்த்தோர் இதனை ஏற்றிருப்பார்களா என்பது சுவையான வினா.

நீங்கிய குறையும் முற்றும் நீங்கவில்லை. டிபி-303இன் வழுக்கலுக்குக் கால அளவு நிலையானது; இரு சுரங்களுக்கிடையே உள்ள தொலைவு எதுவாயினும் அதே நேரத்தில் கடக்கும். ஜூப்பிட்டரில் வழுக்கலின் வேகத்தைக் குமிழால் அமைக்கலாம், அமைத்தபின் அது ஒரே சீராக நடக்கும். இந்துஸ்தானி மரபின் மீண்டு அத்தகையதன்று. அது தொடக்கத்தில் தயங்கும், இடையில் ஒரு நுண்சுருதியைத் தீண்டும், இறுதியில் விரையும். இவ்வேறுபாட்டைக் கையால் நிகழ்த்தும் ஒரு வாயில், சுரத்தை வளைக்கும் நெம்புகோல், ஜூப்பிட்டரில் உண்டு. எனினும் சிங்கின் வாசிப்பில் மேலோங்கி நிற்பது சீரான வழுக்கலே. கேட்போர் முதலில் மயங்குவதும், நான்காம் ஐந்தாம் இராகத்திற்குள் சலிப்பதும் இதனால்தான்.

இராகந்தோறும் விளைவு வேறுபடுகிறது. பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய ஐந்து சுர இராகங்கள் (கருநாடக இசையில் முறையே மோகனம், வலஜி, இந்தோளம், ரேவதி ஆகியவற்றோடு ஒப்பவைக்கத்தக்கவை) இத்தட்டில் நன்கு நிற்கின்றன. சுர இடைவெளிகள் அகன்றிருப்பதால் சில சொற்றொடர்களிலேயே அவற்றின் முகம் தெரிந்துவிடும். ஓர் இராகத்திற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடமே கிடைக்கும் தட்டில் இது பேருதவி. தோடியில் நிலை எதிரானது. (இது சுர அமைப்பில் நம் சுபபந்துவராளிக்கு நெருங்கியது, கருநாடகத் தோடியன்று.) அதன் ரிஷபமும் காந்தாரமும் தைவதமும் விசைப்பலகை தருவதினும் தாழ்ந்து, அசைந்து ஒலிக்கவேண்டியவை. சிங்கின் தோடியில் சுரங்கள் உள்ளன. தோடியின் கனம் இல்லை. ஆலாபனைக்கு நேரம் இருந்திருந்தாலும் இவ்விழப்பை அது ஈடுசெய்திருக்காது.

லலித் இவ்வகைப்பாட்டிற்கு அடங்கவில்லை. பஞ்சமம் அற்று, இரு மத்தியமங்களை அடுத்தடுத்துத் தொடும் அவ்விராகம் தோடியைப் போலவே சிதையும் என எதிர்பார்க்கலாம். ஆனால் இரு மத்தியமங்களுக்கு இடையே உள்ள தொலைவு அரைச் சுரமே. அக்குறுகிய வெளியில் வழுக்கலின் சீர்மை காதில் உறைப்பதில்லை. கருவி தன் இயல்பில் செய்வதும் இராகம் வேண்டுவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பத்து இராகங்களுள் கருவியின் குறை மிகக் குறைவாக வெளிப்படும் இடம் லலித்தின் அவ்விரு மத்தியமங்களே. ஆசிட் ஹவுஸின் முன்னோடியாக மட்டும் இத்தட்டைக் கேட்போர்க்கு அவ்விடத்தில் நின்று கேட்கவேண்டிய காரணம் இராது. அடித்தாளமும் பாஸும் அங்கு மாறுவதில்லை.